அச்சத்தைப் படைத்தவருக்கு ஊர் பட்ட கடன்

பிட்ஸ்பர்க் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் தமிழர் பலருக்கு நினைவில் எழுவது, 1970-களில் பென் ஹில்ஸ் குன்றின்மேல் நிர்மாணிக்கப்பட்டு, அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்க்கெல்லாம் யாத்திரைத் தலமாகிவிட்ட வேங்கடேசுவரர் ஆலயம். அந்த ஆலயத்திற்கு அடுத்த ஊரான மன்ரோவில்லில் ஒரு பெரிய வணிக வளாகம் உண்டு. ஏறக்குறைய அதே காலத்தில், 1977-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், கடைகள் சாத்தப்பட்டபின் இரவு பதினொரு மணியளவில் ஒரு சிறு கூட்டம் அதனுள் நுழைந்து, முகத்தில் சாம்பல் நிறம் பூசிய ஊர்க்காரர்களை அதன் நடைபாதைகளிலும் நகரும் படிகளிலும் தள்ளாடி நடக்கவிட்டுப் படம் பிடித்தது. கிறிஸ்துமஸ் பண்டிகைக்காக அலங்காரங்கள் கட்டப்பட்ட வாரங்களில் வேலையை நிறுத்திவிட்டு அவை அவிழ்க்கப்படும்வரை காத்திருந்தது. ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு வளாகத்தின் ஒலிபெருக்கிகள் தாமாகவே இசையை ஒலிக்கத் தொடங்கியதும், எடுத்தவரை போதும் என்று சாமான்களைக் கட்டிக்கொண்டு வெளியேறியது.

அந்தக் கூட்டத்திற்குத் தலைவர் ஜார்ஜ் ரொமேரோ. அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தது, 1978-இல் வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்ட 'டான் ஆஃப் த டெட்' என்ற திகில் படம். ஹாலிவுட்டின் பெரிய ஸ்தாபனங்களைப் பெரும்பாலும் அண்டாமல், தாம் வாழ்ந்த ஊரின் கட்டடங்களையும் மனிதர்களையும் தொழிலையும் துயரத்தையுமே சாதனங்களாகக் கொண்டு, கற்றோர் கீழானதென்று ஒதுக்கிய ஒரு துறையில் தம் வாழ்நாளைச் செலவிட்ட இந்த மனிதரின் சரித்திரத்தைப் படிக்கும்தோறும், ஒரு கலைஞனின் பிரயாசையின் பலன் அவன் உயிரோடிருக்கும்போதே அவன் கைக்கு வந்து சேரும்படி செய்வதுதான் ஒரு சமுதாயம் அவனுக்குச் செய்யவேண்டிய முதல் மரியாதை என்ற எண்ணம் என்னுள் வலுப்பெறுகிறது. அந்த மரியாதை ரொமேரோவுக்குக் கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் விதியென்று நான் கருதவில்லை. அலட்சியமும், திகில் என்றால் கலையாகாது என்ற மேட்டிமையும்தாம் காரணம்.

ரொமேரோ 1940-இல் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தவர். கலை பயில்வதற்காகப் பிட்ஸ்பர்க்கிலிருந்த கார்னகி தொழில்நுட்பக் கழகத்துக்கு வந்தவர், அங்கேயே வேரூன்றிவிட்டார். 1960-களின் தொடக்கத்தில் நண்பர்கள் சிலருடன் சேர்ந்து 'லேட்டன்ட் இமேஜ்' என்ற சிறு நிறுவனத்தை அமைத்து, உள்ளூர்க் கம்பெனிகளுக்கு விளம்பரப் படங்கள் எடுத்துக் கொடுப்பதை ஜீவனோபாயமாகக் கொண்டார். பீர் விளம்பரமும் சலவைப் பொருள் விளம்பரமும் அதில் அடக்கம். குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சியால் அமெரிக்கா முழுவதும் அறியப்பட்ட ஃப்ரெட் ராஜர்ஸும் அதே ஊர்க்காரர். அவருக்குத் தொண்டைச் சதை நீக்கும் அறுவை நடப்பதைக் குழந்தைகளுக்குக் காட்டும் ஒரு சிறு படத்தையும் ரொமேரோவே எடுத்தார். ஒரு நிமிஷ விளம்பரத்திற்காக விளக்கை எங்கே வைப்பது, சொற்பப் பணத்தில் ஒரு காட்சியை எவ்வாறு பெரிதாகத் தோன்றச் செய்வது, படச்சுருளை வீணாக்காமல் எத்தனை முறை எடுப்பது என்பவற்றையெல்லாம் அவருக்குக் கற்பித்த பள்ளிக்கூடம் அதுதான். வயிற்றுப்பாட்டுக்காகச் செய்யும் தொழிலைக் கலையின் பகைவன் என்று பேசுவோர் பலர். ரொமேரோவின் விஷயத்தில் அந்தத் தொழில்தான் கலைக்குச் சோறிட்டு வளர்த்தது.

1967-இல் அவரும் தோழர்களும் பத்துப் பேராகச் சேர்ந்து, தலைக்கு 600 டாலர் போட்டு, 'இமேஜ் டென்' என்ற பெயரில் ஒரு படக் கம்பெனி தொடங்கினர். முதல் 6,000 டாலர் போதாமல், அறிந்தவர் தெரிந்தவரிடமெல்லாம் பங்குகள் விற்று, ஏறக்குறைய 1,14,000 டாலரில் படம் முடிந்தது. பிட்ஸ்பர்க்கிற்கு வடக்கே ஏறத்தாழ முப்பது மைல் தொலைவில் எவன்ஸ் சிட்டி என்ற சிற்றூருக்கு அருகே, விரைவில் இடிக்கப்படவிருந்த ஒரு பழைய பண்ணை வீட்டை வாடகைக்குப் பிடித்தனர். குழாயில் தண்ணீர் வராத அந்த வீட்டில் படக்குழுவினர் பலர் இரவில் படுத்துறங்கி, விடிந்ததும் வேலையைத் தொடர்ந்தனர். வீட்டின் நிலவறை படம் பிடிக்க ஏற்றதாக இல்லாமையால், அக்காட்சிகளைத் தங்கள் அலுவலகக் கட்டடத்தின் நிலவறையில் எடுத்தனர். படம் கறுப்பு வெள்ளையில் இருந்ததனால் இரத்தத்திற்குப் பதிலாகப் 'பாஸ்கோ' என்ற சாக்லேட் பாகு உபயோகமாயிற்று. அந்தப் பாகு ஊற்றிய வறுத்த பன்றி இறைச்சியைத்தான் பிணங்களாக நடித்த உள்ளூர்வாசிகள் தின்று காட்டினர். பிட்ஸ்பர்க்கில் ஒலிப்பதிவுக்கூடம் நடத்திய கார்ல் ஹார்ட்மனும் அவருடைய தொழில் கூட்டாளியான மேரிலின் ஈஸ்ட்மனும், நிலவறையில் ஒளிந்துகொள்ளும் தம்பதியாக நடித்ததோடு ஒப்பனையையும் கவனித்தனர். ஹார்ட்மனின் மகளே அத்தம்பதியின் குழந்தையாக நடித்தாள். அவ்வூர்த் தொலைக்காட்சியில் சனிக்கிழமை இரவுகளில் 'சில்லர் தியேட்டர்' என்ற திகில் பட நிகழ்ச்சியைத் தொகுத்தளித்து எல்லாராலும் நேசிக்கப்பட்ட பில் கார்டில், ஒரு தொலைக்காட்சி நிருபராக வந்து போனார். தேடுதல் வேட்டைக்குத் துப்பாக்கி ஏந்தி வரும் கூட்டத்திலும் அப்பகுதி மக்களே நிறைந்திருந்தனர். ஒரு வட்டாரமே கூடித் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட கதை என்றுதான் அதை நான் கருதுகிறேன்.

அதுவே 'நைட் ஆஃப் த லிவிங் டெட்'. 1968 அக்டோபர் 1-ஆம் தேதி பிட்ஸ்பர்க்கின் ஃபுல்டன் தியேட்டரில் அது முதன்முதலாகத் திரையிடப்பட்டது.

திகிலில் கலை எங்கே இருக்கிறது என்று கேட்போருக்கு நான் தொல்காப்பியத்தை நினைவூட்ட விரும்புகிறேன். மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளைச் சொல்லுமிடத்து அச்சத்திற்கு ஒரு தனி ஆசனம் தருகிறது. அது தோன்றும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்ற நான்கைக் கூறுகிறது. பேயும் தெய்வமும் முதலில் நிற்க, ஆளும் அதிகாரம் இறுதியில் நிற்கிறது. மனிதன் எதற்கெல்லாம் அஞ்சுகிறான் என்று ஆராய்ந்த நம் முன்னோர், பேய்க்கு அஞ்சுவதையும் அதிகாரத்திற்கு அஞ்சுவதையும் ஒரே மெய்ப்பாட்டின் இருவேறு வாயில்களாகக் கண்ட நுட்பம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. ரொமேரோவின் படம் அந்த முதல் வாயிலில் தொடங்கிக் கடைசி வாயிலில் முடிகிறது. உயிர்பெற்று எழுந்து வரும் பிணங்களுக்கு அஞ்சி ஒரு வீட்டுக்குள் அடைபட்ட எழுவரில், நிதானத்தோடும் அறிவோடும் இரவெல்லாம் போராடி உயிர் தப்புகிறவன் பென் என்ற கறுப்பின இளைஞன் ஒருவனே. பொழுது விடிந்தபின், தன்னைக் காப்பாற்ற வந்த ஷெரிஃபின் கூட்டத்தாலேயே அவன் சுடப்பட்டு இறக்கிறான். அந்தப் பாத்திரத்தில் டுவேன் ஜோன்ஸ் நடித்தார். முரட்டு லாரி ஓட்டுநனாக எழுதப்பட்டிருந்த அதன் பேச்சை, படித்த மனிதன் பேசும் பேச்சாகத் திருத்திக்கொண்டவரும் அவரே. படத்தின் பிரதியை விற்பதற்காக ரொமேரோ நியூயார்க்கை நோக்கிக் காரில் சென்றுகொண்டிருந்த இரவில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டார். கொலம்பியா நிறுவனம் படம் வண்ணத்தில் இல்லையென்று மறுத்தது. மற்றொரு நிறுவனம் முடிவைச் சுபமாக மாற்றினால் வாங்குவோம் என்றது. பென் பிழைத்திருந்தால் அன்றே காசு வந்திருக்கும். அவர்கள் மாற்றவில்லை. உள்ளூர்ப் பங்குதாரர்களின் பணம் முழுவதையும் இழக்கவும் சித்தமாக நின்று அந்த ஒரு மரணத்தைக் காத்தார்களே, அந்த வைராக்கியத்துக்காகவே அவர்களை நான் வணங்குகிறேன்.

வால்டர் ரீட் என்ற விநியோக நிறுவனம் படத்தை வெட்டாமல் வெளியிட இசைந்தது. நேர்ந்த அநியாயம் அதன் பிறகுதான். படத்திற்கு முதலில் வைத்திருந்த பெயர் வேறு. விநியோகஸ்தர் அதை மாற்றினர். பழைய பெயர் எழுதிய தொடக்கச் சட்டகத்திலேதான் பதிப்புரிமை அறிவிப்பும் இருந்தது. பெயரை எடுத்தபோது அறிவிப்பும் போயிற்று. புதிய பெயரோடு அதைச் சேர்க்க எவருக்கும் தோன்றவில்லை. அமெரிக்காவில் அன்று அமலிலிருந்த 1909-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அறிவிப்பின்றி வெளியிடப்பட்ட படைப்பு பொதுச்சொத்தாகிவிடும். ஒரு வரி எழுத்து விடுபட்டதனால், பத்துப் பேரின் உழைப்பு உலகத்தார் அனைவருக்கும் உரியதாயிற்று. அரங்குகளில் திரையிட்டவர்கள், பின்னாளில் வீடியோ நாடா விற்றவர்கள், தொலைக்காட்சியில் ஒளிபரப்பியவர்கள், வண்ணம் பூசி விற்றவர்கள் என எண்ணற்றோர் அதிலிருந்து பொருள் ஈட்டினர். படைத்தவர்களுக்குச் சேர்ந்தது அதில் ஒரு சிறு துளி. 1990-இல் அதே கதையை மீண்டும் எடுக்கப் பழைய கூட்டாளிகள் முற்பட்டதற்கு, கைவிட்டுப்போன உரிமையில் ஒரு பகுதியையேனும் மீட்கவேண்டும் என்ற எண்ணமும் ஒரு காரணம். அறிவிப்பு இல்லாவிடினும் உரிமை உண்டு என்று அமெரிக்கச் சட்டம் மாறியது 1989 மார்ச் மாதத்தில்; அது முன்னரே பறிபோனவர்களுக்கு ஒன்றையும் திருப்பித் தரவில்லை.

கலைப்படைப்பு பொதுச்சொத்தாவதில் நன்மை உண்டு என்று வாதிப்போரை நான் அறிவேன். அந்தப் படம் இத்தனை தேசங்களில் இத்தனை பேரால் பார்க்கப்பட்டதற்கும், நடமாடும் பிணங்கள் என்ற கற்பனை உலகெங்கும் பரவியதற்கும் உரிமையற்ற அந்த நிலை உதவியது என்பது மெய்யே. ஆனால் உரிமையைத் தானாக மனமுவந்து ஈவதும், அறியாமல் இழப்பதும் ஒன்றாகிவிடா. ஈந்தவனுக்குப் புகழேனும் நிறைவு தரும்; இழந்தவன் அடுத்த மாத வாடகைக்கு வழி தேடவேண்டும். ரொமேரோ தேடினார். உலகப் புகழ் பெற்ற படத்தை எடுத்தபின், அடுத்தடுத்து எடுத்த மூன்று படங்கள் பணம் ஈட்டாமல் போகவே, விளையாட்டு வீரர்களைப் பற்றித் தொலைக்காட்சிக்கு விவரணப் படங்கள் எடுத்துக் குடும்பத்தையும் கம்பெனியையும் காப்பாற்றினார்.

அந்தக் கஷ்ட காலத்தில் அவர் கூலிக்கு எடுத்த ஒரு சிறு படத்தைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். முதியோர் படும் அவமதிப்பை மக்களுக்கு உணர்த்த ஒரு படம் வேண்டுமென்று லூதரன் திருச்சபையைச் சேர்ந்த ஒரு சேவை அமைப்பு அவரிடம் கேட்டது. 1973-இல் பிட்ஸ்பர்க்கை ஒட்டிய வெஸ்ட் வியூ பார்க் என்ற கேளிக்கைப் பூங்காவில், எழுபது வயதான லிங்கன் மேசல் என்ற நடிகரை வைத்து அதை எடுத்தார். மேசலின் மகன் லோரின் மேசல், பின்னாளில் பிட்ஸ்பர்க் சிம்பொனிக்குத் தலைமை தாங்கிய புகழ்வாய்ந்த இசை நடத்துநர். வெள்ளுடையில் உற்சாகத்தோடு பூங்காவுக்குள் நுழையும் கிழவர், ஒவ்வொரு கேளிக்கையிலும் தள்ளப்பட்டு, ஏமாற்றப்பட்டு, அடிக்கப்பட்டு, கவனிப்பாரின்றி, கடைசியில் உடை அழுக்கேறி முகம் காயப்பட்டு ஒரு வெண்ணிற அறையில் வந்து அமர்கிறார். பேயில்லை, பிணமில்லை, பட்டப்பகலில், ஜனங்கள் சிரித்துக்கொண்டிருக்கும் இடத்தில் நடக்கிறது அத்தனையும். முதுமையைக் கண்டு இளமை முகம் திருப்பிக்கொள்வதைவிடப் பெரிய அச்சம் இல்லையென்று அந்தப் படம் ஐம்பத்திரண்டு நிமிஷத்தில் காட்டிவிடுகிறது. சேவை அமைப்பினர் எதிர்பார்த்தது அன்பான ஓர் அறிவுரை. கிடைத்ததோ தாங்கமுடியாத ஓர் உண்மை. படம் பயன்படாமல் மூலையில் கிடந்து மறைந்தே போயிற்று. ரொமேரோவின் மரணத்துக்குச் சற்று முன்பு ஒரு பிரதி கண்டெடுக்கப்பட்டு, பின்னர் சீர்செய்யப்பட்டு, 'த அம்யூஸ்மென்ட் பார்க்' என்ற பெயரில் 2021-இல்தான் பரவலாகப் பார்க்கக் கிடைத்தது. நாற்பத்தெட்டு ஆண்டுகள்! கூலிக்குச் செய்த வேலையிலும் தம் மனச்சாட்சியை அடகு வைக்காத ஒருவருக்கு ஊர் கொடுத்த கைம்மாறு அது.

அவர் மிகவும் நேசித்த படம் என்று தாமே சொல்லிக்கொண்டது 'மார்ட்டின்'. அது 1970-களில் பிராடக் என்ற சிறு நகரத்தில் எடுக்கப்பட்டது. எஃகுத் தொழிலதிபரான கார்னகி 1875-இல் தம் பெரிய எஃகு ஆலையைத் தொடங்கியதும், பின்பு அமெரிக்காவில் தம் முதல் நூலகத்தை எழுப்பியதும் அந்த ஊரில்தான். ரொமேரோ அங்கே காமிராவைக் கொண்டுபோன காலத்தில் ஊர் தேய்ந்துகொண்டிருந்தது; கடைகள் காலியாகிக் கிடந்தன; வாலிபர்க்கு வேலையில்லை. தன்னை இரத்தம் குடிக்கும் பிசாசு என்று நம்பும் ஓர் இளைஞனும், அவனைப் பிசாசென்றே நம்பிக் கதவுகளில் பூண்டைக் கட்டித் தொங்கவிடும் அவனுடைய முதிய உறவினரும் அந்த வீதிகளில் வாழ்கிறார்கள். இளைஞனுக்குக் கோரைப்பற்கள் கிடையா. ஊசிமருந்துக் குழலும் சவரத் தகடும்தான் அவனுடைய கருவிகள். எந்த அரண்மனையிலும் எந்த மாயமலையிலும் வைக்க முடியாத கதை அது. எஃகுத் தொழில் சாய்ந்த ஒரு நகரத்தின் சோகத்தை அத்தனை நெருக்கத்தில் பதிவு செய்த படம் வேறொன்றை நான் கண்டதில்லை. ஊரைவிட்டுப் போகாமல் அங்கேயே வாழ்ந்தவரால்தான் அது இயன்றது.

அவர் இருந்ததனால் அந்த ஊரில் ஒரு தொழிற்பரம்பரையும் உண்டாயிற்று. பிட்ஸ்பர்க்கின் புளூம்ஃபீல்ட் பகுதியில் பிறந்து, வியட்நாமில் ராணுவப் புகைப்படக்காரராகப் போர்க்களத்தின் கோரத்தைக் கண்ணால் கண்டு திரும்பிய டாம் சவீனி, ரொமேரோவின் படங்களில் செய்த காய ஒப்பனையால் தம் துறையில் ஆசானானார். பக்கத்து ஊரான மொனெஸ்ஸனில் அவர் பெயரில் ஒப்பனைப் பயிற்சிப் படிப்பும் நடக்கிறது. 1985-இல் வெளியான 'டே ஆஃப் த டெட்' படத்தில் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்த உள்ளூர்ப் பிள்ளை கிரெக் நிக்கடேரோ, பின்னாளில் 'த வாக்கிங் டெட்' தொலைக்காட்சித் தொடரின் முக்கிய கர்த்தாக்களில் ஒருவரானார். அந்த 'டே ஆஃப் த டெட்' விஷயத்திலும், தணிக்கைச் சான்றிதழுக்கு ஏற்பக் காட்சிகளை மென்மையாக்கினால் எழுபது லட்சம் டாலர் தருவோம், இல்லையேல் அதில் பாதிதான் என்ற நிபந்தனை வந்தபோது, ரொமேரோ பாதியையே ஏற்றுத் தம் கதையைச் சுருக்கிக்கொண்டார்.

இத்தகைய ஒருவரை அந்த ஊரால் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை. பிட்ஸ்பர்க்கைக் கதைக்களமாகக் கொண்டு 2005-இல் வந்த 'லேண்ட் ஆஃப் த டெட்' படம், செலவு குறையும் என்ற காரணத்தால் கனடாவின் டொராண்டோவில் எடுக்கப்பட்டது. ரொமேரோவும் அங்கேயே குடிபெயர்ந்து, 2017 ஜூலை 16-ஆம் தேதி அங்கேயே காலமானார். அடுத்த ஆண்டு மன்ரோவில் வளாகத்தில் அவருடைய மார்பளவு வெண்கலச் சிலை வைக்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகம் அவருடைய கையெழுத்துப் பிரதிகளையும் ஆவணங்களையும் பெற்றுக்கொண்டது. 2025-இல் அந்த வணிக வளாகத்தையே வால்மார்ட் நிறுவனம் வாங்கிவிட்டது. நூலகம் செய்த காரியம் உயர்ந்தது. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த ஆவணங்களில் உள்ள, படமாகாமலே போன திரைக்கதைகள் எத்தனையோ! அவற்றில் ஒன்றிரண்டுக்கேனும், அவர் கை எழுதும் வலிமையோடு இருந்த காலத்தில், அந்த மாநிலமும் அந்த நகரத்துச் செல்வர்களும் பணம் தந்திருக்க வேண்டும். சிலைக்கு நிதி திரட்ட முடிந்த ஊருக்குப் படத்திற்கு நிதி திரட்டவும் முடிந்திருக்கும்.

அந்த முதல் படத்தை இன்று எவரும் எங்கும் இலவசமாகப் பார்க்கலாம். தேய்ந்து மங்கிய பிரதிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1999-இல் அதைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகம் ரொமேரோவும் அவருடைய பழைய தோழர்களும் உடனிருக்க, மூல நெகட்டிவிலிருந்து அதைப் புதுப்பித்து 2016-இல் திரையிட்டது. அந்தப் பதிப்பு 2018-இல் வட்டாகவும் வெளிவந்தது. இதைப் படிக்கும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. பார்ப்பதானால் அந்தப் பதிப்பைத் தேடி, விலை கொடுத்துப் பாருங்கள். உங்கள் ஊரில் ஒருவர் சொந்தப் பணத்தையும் நண்பர்களின் பணத்தையும் போட்டு ஒரு பேய்ப் படம் எடுத்து வெளியிட்டால், இரண்டாம் வாரத்துக்குக் காத்திராமல் முதல் வாரத்திலேயே டிக்கெட் வாங்கிப் போய்ப் பாருங்கள்.